தோட்டத்தில் புதைத்த பொன்: 1667ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டிலுள்ள நகையையும் பணத்தையும் திருடர் கைக்கு எட்டாமல் எங்கே வைப்பது என்று கேட்டால், பெரும்பாலும் இடங்களின் பட்டியல்தான் விடையாக வருகிறது. பரணில் வை, துணிகளுக்கு அடியில் வை, சுவரில் பெட்டகம் பதி என்று அது நீளும். வைக்கும்போது யார் பார்த்தார்கள், வைத்த பொருள் அங்கே கெடாமல் இருக்குமா, என்ன வைத்தோம் என்பதற்கு வேறோர் இடத்தில் கணக்கு இருக்கிறதா, நாளை அதை எடுக்கப்போகிறவர் யார் என்ற கேள்விகளை அவ்வளவாக யாரும் எழுப்புவதில்லை. ஒளித்து வைத்த பொருள் கைவிட்டுப் போவது பல நேரங்களில் இந்தக் கேட்கப்படாத கேள்விகளின் வழியாகத்தான் என்பதை ஒரு பழைய நிகழ்வு மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

பொருளை ஒளித்து வைக்கிறவர்கள் அதைப் பற்றி எழுதி வைப்பதில்லை. ஆகவே முடிவெடுத்த நாளிலிருந்து திரும்ப எடுத்த நாள் வரையிலான முழு விவரம் நமக்குக் கிடைப்பது அரிது. இங்கிலாந்துக் கடற்படை வாரியத்தின் செயலராக இருந்த சாமுவேல் பீப்ஸ் இதற்கு விதிவிலக்கு. அவர் 1660 முதல் 1669 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். பிறர் படிப்பதற்காக எழுதாததால் தம் வீட்டாரின் தவறுகளையும் தம் பதற்றத்தையும் அதில் மறைக்கவில்லை. 1667 ஜூன் மாதம் தம் பொன்னைப் புதைக்க அனுப்பியதையும், அக்டோபரில் அதைத் தோண்டி எடுத்ததையும் அன்றன்றே பதிந்திருக்கிறார். கீழே வரும் நாட்கள் அக்கால ஆங்கிலேய நாட்காட்டியின்படி அமைந்தவை.

பின்னணி

1667 ஜூன் இரண்டாம் வாரத்தில் டச்சுக் கப்பற்படை தேம்ஸ் முகத்துவாரத்திற்குள் புகுந்து, மெட்வே ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த பாதுகாப்புச் சங்கிலியைத் தாண்டி, நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்களை எரித்தது. ‘ராயல் சார்ல்ஸ்’ என்ற பெருங்கப்பலை இழுத்துச் சென்றது. லண்டன் முழுவதும் திகில் பரவியது. எதிரி நகருக்குள் வந்து சூறையாடுவான் என்ற அச்சத்தோடு, கடற்படை அலுவலர்கள்மீது கோபங்கொண்ட சொந்த நகரத்து மக்களே வீடு புகுந்து கொள்ளையடிக்கக்கூடும் என்ற அச்சமும் பீப்ஸுக்கு இருந்தது. பணத்தை நம்பிக் கொடுத்து வைக்க அன்றிருந்தவர்கள் வங்கித் தொழிலும் நடத்திய பொற்கொல்லர்கள். அவர்களிடம் மக்கள் கூட்டமாகச் சென்று பணத்தைத் திருப்பிக் கேட்கவே, இருபது நாள் கழித்துத் தருவதாகச் சொல்லி அவர்கள் அனுப்பிவிட்டார்கள். வெளியே பாதுகாப்பு இல்லை என்ற நிலையில்தான் கையிலிருந்த பொன்னை எங்காவது ஒளித்தாக வேண்டிய கட்டாயம் வந்தது.

ஜூன் 13ஆம் நாள், இரண்டே மணி நேர அவகாசத்தில், தம் தந்தையையும் மனைவி எலிசபெத்தையும் ஹன்டிங்டன் அருகே பிராம்ப்டன் சிற்றூரிலிருந்த குடும்ப வீட்டுக்குக் கோச்சு வண்டியில் அனுப்பினார். அவர்களுடைய இரவுப் பையில் சுமார் 1,300 பவுண்டு மதிப்புள்ள பொன் இருந்தது. அவருடைய பதவிக்கான ஆண்டுச் சம்பளம் 350 பவுண்டு. ஏறத்தாழ நான்கு ஆண்டுச் சம்பளத்தை ஒரு துணிப்பையில் ஏற்றி அனுப்பினார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அன்றே நண்பகல் அளவில், அலுவலகக் கடிதம் கொண்டுபோவதாகப் பேர் சொல்லி, கிப்சன் என்ற எழுத்தரிடம் மேலும் 1,000 பொற்காசுகளைக் கொடுத்து அவர்கள் பின்னே அனுப்பினார். வேறு சில வெள்ளிப் பொருள்களை உறவினர் வீடுகளுக்கு அனுப்பியதோடு, 300 பவுண்டு பொன்னை இடுப்புக் கச்சையில் வைத்துத் தாமே கட்டிக்கொண்டார். ஏறத்தாழ ஒரு பவுண்டு மதிப்புள்ள கினி என்ற அக்காலப் பொற்காசு ஒன்று ஏறக்குறைய எட்டரை கிராம் இருந்ததால், கினியாகக் கணக்கிட்டால் அந்தக் கச்சை இரண்டரைக் கிலோ கனத்திருக்கும். எஞ்சிய வெள்ளிக் காசுகளைக் கழிப்பறைக் குழிக்குள் போட்டுவிடலாமா என்றுகூட எண்ணி, பிறகு எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அன்று அவர் எடுத்த முடிவுகளில், எடுக்கும் வழியை முன்கூட்டி யோசித்தது இந்த ஒன்றில் மட்டுமே என்பது என் மதிப்பீடு.

புதைத்த நாள்

ஆறு நாள் கழித்து ஜூன் 19 அன்று எலிசபெத் லண்டன் திரும்பி நடந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்த மற்றவர்கள் தேவாலயம் சென்ற நேரம் பார்த்து, அவரும் மாமனாரும் பட்டப்பகலில் தோட்டத்தின் நடுவில் பொன்னைப் புதைத்திருந்தார்கள். யார் கண்ணில் பட்டது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டிலேயே இருந்த பீப்ஸின் தங்கைக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்பது எலிசபெத்தின் சந்தேகம். இதைக் கேட்ட பீப்ஸ் கிட்டத்தட்டப் பைத்தியம் பிடித்த நிலைக்கு வந்ததாக எழுதுகிறார். உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று துடித்தாலும், அதற்கு வாய்ப்புக் கிடைத்தது நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான்.

எடுத்த இரவு

அக்டோபர் 10ஆம் நாள் இரவு, மூடு விளக்கு ஒன்றை ஏந்திக்கொண்டு பீப்ஸ், மனைவி, தந்தை ஆகியோர் தோட்டத்துக்குச் சென்றார்கள். எந்த இடம் என்று புதைத்தவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இறைச்சி சுடும் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து ஒருவழியாக இடத்தைக் கண்டுபிடித்தார்கள். பொன் அரை அடி ஆழத்தில்கூட இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடம். பேசினால் கேட்கும் தூரம். தந்தைக்குக் காது மந்தம் என்பதால் உரக்கப் பேச வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தார் தேவாலயத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் புதைத்தேன் என்று தந்தை சொன்ன சமாதானத்தை மகன் ஏற்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சிறு மண்வெட்டியால் மண்ணைப் புரட்டியபோது காசுகள் புல்லிலும் தளர்ந்த மண்ணிலும் சிதறின. சிதறடித்தது தம் கைதான் என்பதை பீப்ஸே குறிக்கிறார். காசுகளை வைத்திருந்த இரும்புத் தலைக்கவசங்களுக்குள் ஈரமண் புகுந்திருந்தது. பைகள் மட்கிப்போயிருந்தன. பைகளோடு வைத்த கணக்குச் சீட்டுகளும் அழிந்திருந்தன. எத்தனை இருந்தது, எத்தனை குறைகிறது என்று அந்த இடத்தில் எதுவும் சொல்ல முடியவில்லை. மண்ணோடு மண்ணாக அள்ளிக்கொண்டு போய்த் தம்பியின் அறையில் பூட்டினார். எல்லோரும் உறங்கப் போனபின், தம் நம்பிக்கைக்குரிய எழுத்தர் வில் ஹ்யூவரோடு சேர்ந்து, வாளித் தண்ணீரிலும் கிண்ணங்களிலும் காசுகளைக் கழுவிப் பிரித்து எண்ணினார். அவருடைய சட்டைப்பையில் மொத்த மதிப்பைக் குறித்த ஒரு சீட்டு இருந்தது. அதோடு ஒப்பிட்டபோது நூறு காசுக்கு மேல் குறைந்தது.

தோட்டத்தில் பேசியது பக்கத்து வீட்டாருக்குக் கேட்டிருக்கும், விடியுமுன் அவர்கள் வந்து பொறுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், நள்ளிரவில் இருவரும் மீண்டும் வெளியே சென்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 45 காசுகளைப் பொறுக்கினார்கள். படுக்கப் போனபோது இரவு இரண்டு மணி தாண்டியிருந்தது. மறுநாள் காலை தோட்டத்தைப் பூட்டிக்கொண்டு, அந்த இடத்து மண் முழுவதையும் வாளிகளில் வாரி, தோட்டத்துச் சிறு மண்டபத்தில் வைத்துச் சலித்தார்கள். ஒன்பது மணியளவில் 45 என்ற எண் 79 ஆனது. இன்னும் இருபது முப்பது காசுகள் குறைவதாக மதிப்பிட்டு, மண்ணை மறுபடி ஒருமுறை சலித்துப் பார்க்கும்படி தந்தையிடம் விட்டுவிட்டு, பொன்னைக் கூடையில் வைத்துக் கோச்சு வண்டியின் இருக்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு லண்டன் புறப்பட்டார். வழியெல்லாம் கால் மணிக்கு ஒருமுறை கூடையைப் பார்த்துக்கொண்டே சென்றார்.

இடம் தவறா, வேலை தவறா

இந்த நிகழ்வில் திருடன் யாரும் வந்ததாகச் சான்று இல்லை. ஆயினும் இருபது முப்பது காசுகள் போயின, நான்கு மாதம் நிம்மதி போனது. வீட்டுக்குள் புகுந்து தேடுகிறவனை மட்டும் கணக்கில் கொண்டால் தோட்டம் அவ்வளவு மோசமான இடமன்று. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இரு குற்றவியல் ஆய்வாளர்கள், அப்போதும் திருட்டுத் தொழிலில் இருந்த 105 பேரைச் சந்தித்து விரிவாகப் பேட்டி கண்டார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுத் தலைவர் தலைவியின் படுக்கையறைக்கே முதலில் செல்வது அவர்களிடையே பரவலான வழக்கமாக இருந்தது. நகை, பணம், துப்பாக்கி போன்ற சிறிய, விலையுயர்ந்த பொருள்கள் அங்கேதான் இருக்கும் என்பது அவர்கள் அனுபவம். இங்கிலாந்தில் கிளேர் நீ என்ற உளவியலாளர் தலைமையில் நடந்த ஆய்வுகளும், பழகிய திருடர் வீட்டுக்குள் யோசித்து யோசித்துத் தேடுவதில்லை, ஏறக்குறைய அனிச்சையாக ஒரே ஒழுங்கில் விரைந்து தேடுகிறார்கள் என்று காட்டின. மெத்தையின் அடி, உள்ளாடை இழுப்பறை, பீரோவின் மேல்தட்டு ஆகியவை அந்த ஒழுங்கின் நடுவே வருபவை என்பதால், பொருளை அங்கே வைப்பது மேசைமேல் வைப்பதற்கு அடுத்த படிதான். எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், அவன் வழக்கமாகச் செல்லும் தடத்திலிருந்து விலகிய இடம் வேண்டும், அங்கே சென்று சேர அவனுக்கு நேரம் பிடிக்க வேண்டும் என்பது. புதிய புதிய ‘யாரும் நினைத்துப் பார்க்காத’ இடங்களைத் தேடுவதைவிட இது முக்கியம். ஒரு தந்திரம் பரவலாக அறியப்பட்டதுமே அது திருடனின் தடத்திற்குள் வந்துவிடுகிறது.

பிராம்ப்டனில் தவறு நேர்ந்தது புதைத்த செயலில். பகல், திறந்தவெளி, பக்கத்துச் சன்னல் ஆகிய மூன்றும் சேர்ந்து, இடம் எதுவாக இருந்தாலும் அதன் இரகசியத்தை முதல் நாளே அழித்துவிட்டன. இன்றைய வீட்டிலும் இதுவே நடக்கிறது. பெட்டகம் வாங்கி வரும்போது அதன் அட்டைப்பெட்டி வாசலில் நிற்கிறது. சுவரைத் துளைத்துப் பதிக்கும் தொழிலாளிகள் வந்து போகிறார்கள். பண்டிகைக்கோ திருமணத்துக்கோ நகை எடுக்கும் நாளில் விருந்தினர் முன்னிலையில் ஒருவர் நேராக அந்த மூலைக்குச் சென்று திரும்புகிறார். ஒளிப்பதும் எடுப்பதும் சில நிமிட வேலைகள். ஆனால் இரகசியம் வெளியே கசிவது பெரும்பாலும் அந்த நிமிடங்களில்தான்.

யாருக்குத் தெரியும்

இந்த நிகழ்வின் மிகக் கடினமான பகுதி இது என்று கருதுகிறேன். பொன்னுக்கு உரியவரான பீப்ஸுக்கு அக்டோபர் வரை சரியான இடம் தெரியாது. தெரிந்த இருவருக்கும் இடம் சரியாக நினைவில்லை. தெரிந்திருக்கக் கூடாத தங்கைக்குத் தெரிந்திருக்கலாம். கிப்சன் கொண்டுவந்த காசு முழுவதும் வந்து சேர்ந்ததா என்ற ஐயமும் அந்த இரவில் பீப்ஸுக்கு எழுந்தது. ஏனெனில் கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டதற்கான சீட்டு எதுவும் மிஞ்சவில்லை. பொருள் போனது ஒரு நஷ்டம் என்றால், குற்றமற்ற மனிதர்மீது சந்தேகம் விழுவது அதைவிடப் பெரியது. பணியாளர், உறவினர், மருமகள் என்று யாரையாவது குடும்பம் காலம் முழுவதும் சந்தேகிப்பதற்கு, ஒளித்தவரின் கவனக்குறைவே பல வேளைகளில் காரணமாகிறது.

அப்படியானால் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் போதுமா என்றால், அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்ற ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவர் உலோகங்காணும் கருவியால் ஒரு புதையலைக் கண்டார். ஏறக்குறைய 15,000 ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளும், சுமார் 200 வெள்ளிப் பாத்திரங்களும் பொன் நகைகளும் ஓக் மரப் பெட்டியில் மிகக் கவனமாக அடுக்கப்பட்டிருந்தன; உள்ளே சிறு பேழைகளும் சின்னஞ்சிறு வெள்ளிப் பூட்டுகளும் இருந்தன. பெட்டி புதைக்கப்பட்டது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிராம்ப்டனில் காணாத கவனத்தோடு அதைப் புதைத்திருந்தார்கள். ஆனால் யாரும் திரும்ப வரவில்லை. 1,500 ஆண்டுகளுக்கு மேல் அது மண்ணில் கிடந்தது. அண்மைக் காலத்தில், 2009இல், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் ஒரு மகள் தாய்க்கு இன்ப அதிர்ச்சி தர எண்ணிப் பழைய மெத்தையைக் குப்பைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கி வைத்தார். பழைய மெத்தைக்குள் தாயின் வாழ்நாள் சேமிப்பு, சுமார் 10 லட்சம் டாலர், இருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. குப்பைமேடுகளில் தேடினார்கள். அன்போடு வீட்டைச் சுத்தம் செய்கிறவர் முன் இரகசியம் எந்தக் காவலும் தராது.

ஆகவே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான அளவு என்று நினைக்கிறேன்: பொருளுக்கு உரியவர் ஒருவர், அவர் இல்லாதபோது முறைப்படி எடுக்க உரிமையுள்ளவர் ஒருவர். இருவரும் சேர்ந்து நேரில் பார்த்திருக்க வேண்டும். ‘தோட்டத்தில் நடுவில்’ என்று வாயால் சொன்னது நான்கு மாதத்தில் எப்படி மங்கிவிட்டது என்பதை மேலே கண்டோம். வேலிக்கல்லிலிருந்து இத்தனை அடி என்று அளந்து வைத்திருந்தால் இருட்டில் கம்பியால் குத்தித் தேட வேண்டியிருந்திருக்காது.

பொருளும் உறையும்

பொன் நான்கு மாதம் ஈரமண்ணில் கிடந்தும் ஒன்றும் ஆகவில்லை. நாலாயிரம் ஆண்டு கிடந்தாலும் ஆகாது. அதைச் சுற்றியிருந்த துணியும் தாளும்தான் அழிந்தன. உறை அழிந்ததால் காசு சிதறியது. மறைவிடத்தைத் தேர்ந்தெடுப்பவர் பொருளின் உறுதியை மட்டும் பார்க்கிறார். உறையின் ஆயுளைப் பார்ப்பதில்லை. வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும் என்பதால் ரப்பர் பட்டையால் கட்டி வைக்கக் கூடாது. முத்து முற்றிலும் வறண்ட இடத்தில் நீண்ட நாள் இருந்தால் கெடும். ரூபாய்த்தாளும் பத்திரமும் ஈரம், கரையான், நெருப்பு மூன்றுக்கும் இரையாகும்.

நெருப்பைத் தாங்கும் பெட்டகம் வாங்குகிறவர்களும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளுக்கான அமெரிக்கத் தர நிர்ணயம், வெளியே தீ எரியும்போது உள்ளே வெப்பம் 177 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது. தாள் கருகாமலிருக்க அது போதும். கணினித் தரவு வைத்த பொருள்களுக்கு வரம்பு 52 பாகை மட்டுமே. தாளைக் காக்கும் பெட்டகத்தில் வைத்த ஹார்ட் டிஸ்க் தீயில் பிழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலும், இத்தகைய பெட்டகங்களின் சுவருக்குள் இருக்கும் பொருள் ஈரத்தைத் தன்னுள் கொண்டிருப்பதால் உட்புறம் கசகசப்பாக இருப்பதுண்டு; ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைக்காமல் ஆண்டுக்கணக்கில் மூடிவைத்தால் பீப்ஸின் சீட்டுகளுக்கு நேர்ந்தது உள்ளேயும் நேரலாம். கனமும் ஏமாற்றும். ஐரோப்பியத் தர விதி 1,000 கிலோவுக்குக் குறைந்த பெட்டகங்களைத் தரையிலோ சுவரிலோ இறுக்குவதற்கு வசதி கேட்கிறது. நாற்பது ஐம்பது கிலோப் பெட்டகத்தை இறுக்காமல் வைத்தால், எல்லாப் பொருளையும் ஒரே பெட்டியில் சேர்த்துத் திருடனிடம் தூக்கிக் கொடுப்பதாகும்.

கணக்குச் சீட்டு

அந்த இரவில் பீப்ஸைக் காப்பாற்றியது சட்டைப்பையில் இருந்த ஒரு துண்டுத் தாள். பொருளோடு வைத்த சீட்டுகள் பொருளோடு கெட்டன. பொருளிலிருந்து விலகி இருந்த சீட்டு பிழைத்தது. அது இல்லையென்றால் முதல் எண்ணிக்கையோடு திருப்தியடைந்து படுத்திருப்பார். நள்ளிரவில் 45 காசும், காலையில் 34 காசும் கிடைத்திருக்காது. ஆனால் அதில் மொத்த மதிப்பு மட்டுமே இருந்தது. எந்தப் பையில் எத்தனை, யார் கொண்டுவந்தது எத்தனை என்று இல்லாததால், குறை எங்கே நேர்ந்தது என்பதை அது சொல்லவில்லை.

இன்றைக்கு இதைச் செய்வது எளிது. ஒவ்வொரு நகையையும் இரு புறமும் படமெடுத்து, எடை, கல், முத்திரை, வாங்கிய ரசீது ஆகியவற்றோடு பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். திருட்டு நடந்தால் காவல்துறை முதலில் கேட்பதும் காப்பீட்டு நிறுவனம் கேட்பதும் இதையே. மீட்ட நகைகளைப் பரப்பி வைத்து அடையாளம் காட்டச் சொல்லும்போது ‘ரெட்டை வடச் சங்கிலி’ என்று மட்டும் சொன்னால் எடுபடாது. பட்டியலில் மறைவிடத்தை எழுதக் கூடாது. அதே தாள் வேறு கையில் கிடைத்தால் அது வழிகாட்டியாகிவிடும்.

பிரித்து வைத்தது

பொன்னை ஒரே இடத்தில் குவிக்காமல் பல இடங்களுக்கு அனுப்பியது பீப்ஸ் சரியாகச் செய்த காரியம். அதற்கு விலையும் இருந்தது: இடங்கள் கூடக்கூட அறிந்தவர்களும் கூடினார்கள். வீட்டுக்குள் பிரிப்பதானால் இரண்டு, மிஞ்சினால் மூன்று இடம் போதும். அன்றாடம் அணிவது ஓரிடத்தில், ஆண்டுக்கு ஓரிரு முறை எடுப்பது இறுக்கிய பெட்டகத்தில் அல்லது வங்கி லாக்கரில் என்று பயன்பாட்டை வைத்துப் பிரிப்பது நல்லது. அடிக்கடி எடுக்கும் பொருளை எட்டாத இடத்தில் வைத்தால், சில நாளில் அலுத்துப்போய் அது மேசை இழுப்பறைக்கே வந்து சேரும்.

எடுக்கும் வேலையையும் வைக்கும் வேலையைப் போலவே திட்டமிட வேண்டும். பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்தி, கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்தால் சிதறியது தெரியும், குறைந்தது தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை, அறிந்த இருவரும் சேர்ந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, உறையை மாற்றி, விற்றதையும் கொடுத்ததையும் அன்றே அடித்துவிட்டுக் கையெழுத்திட்டு வைப்பது அரை நாள் வேலை.